தண்ணீரில் விளக்கெரியுமா? புங்கெண்ணெயில் லாரி ஓடுமா?



சென்ற மாதம் இதே இடத்தில் நடந்த கூட்டத்தின் முடிவில் ஒரு தோழர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். “மூலிகை பெட்ரோல் என்பது புரட்டு என்கிறீர்கள். ஆனால் புங்கெண்ணெயிலிருந்தும் காட்டாமணக்கெண்ணெயிலிருந்தும் பயோடீசல் செய்து லாரி ஓட்டலாம் என்று விஞ்ஞானிகள் சொல்வதை மட்டும் மெய் என்கிறீர்கள். இரண்டும் செடியிலிருந்து வருவதாகத்தானே சொல்லப்படுகிறது? இரண்டையும் நாங்கள் செய்து பார்த்ததில்லை. புரோகிதன் சொன்னதை நம்பாதே என்று சொல்லிவிட்டு, கோட்டுப் போட்டவன் சொன்னதை நம்பு என்பதுதான் உங்கள் பகுத்தறிவா?” என்று கேட்டார்.

அன்று நேரமாகிவிட்டபடியால் நான் பதில் சொல்லவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமானால், என்னிடம் அன்று சரியான பதிலும் இல்லை. இந்த ஒரு மாதமாக அதைப் பற்றிப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும், சிறிது செய்து பார்த்தும் வந்திருக்கிறேன். மேஜையின் மேல் இருக்கும் இரண்டு கண்ணாடிக் குப்பிகளும் அதற்காகத்தான். அவைகளைப் பற்றிக் கடைசியில் சொல்லுகிறேன். அதுவரை யாரும் தொட வேண்டாம்.

தோழர்களே! தண்ணீரை எரிக்கும் கதை நம் நாட்டுக்குப் புதியதல்ல. திருவாரூரில் நமிநந்தியடிகள் என்பவர் கோவில் விளக்குக்கு எண்ணெய் கிடைக்காமல் போக, குளத்துத் தண்ணீரை ஊற்றி விளக்கெரித்தார் என்று பெரிய புராணத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் புராணம் 12-வது நூற்றாண்டில் பாடப்பட்டது. எண்ணூறு வருஷத்துக்கு மேலாக இதைப் பக்தியோடு கேட்டுக் கேட்டுப் பழகின ஜனங்களிடத்தில், 1996-ஆம் வருஷத்தில் இராஜபாளையம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து, ஒரு பிடி பச்சிலையையும் தண்ணீரையும் அடுப்பிலேற்றிப் பெட்ரோல் எடுக்கிறேன் என்றால், நம்புவதற்கு என்ன கஷ்டம்? படித்தவர்களும் நம்பினார்கள், பத்திரிகைகளும் கொண்டாடின. பிறகு பெட்ரோலியச் சரக்குகளையே கலந்து மூலிகை எரிபொருள் என்று விற்றதாக வழக்கு நடந்து, 2016-இல் சென்னைக் கோர்ட்டில் 3 வருஷத் தண்டனை விதிக்கப்பட்டது. 20 வருஷம் ஆயிற்று பாருங்கள்! ஆனால் ஒரு மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளை நினைத்திருந்தால் முதல் நாள் மாலையிலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கலாம். எப்படியென்றால்:

பெட்ரோலில் நிறைக்கு 100-க்கு 85 பங்குக்குக் குறையாமல் கரி, அதாவது கார்பன் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 740 கிராம். அப்படியானால் அதில் 600 கிராமுக்கு மேல் கார்பன் இருக்க வேண்டும். தண்ணீரில் கார்பன் கிடையவே கிடையாது. இலை நன்றாகக் காய்ந்த பிறகும் அதில் பாதிக்குக் குறைவாகத்தான் கார்பன். ஒரு துளிகூட வீணாகாமல் அவ்வளவும் பெட்ரோலாக மாறிற்று என்று தாராளமாக ஒப்புக்கொண்டாலும், ஒரு லிட்டருக்கு ஒன்றேகால் கிலோவுக்கு மேல் உலர்ந்த இலை வேண்டும். ஒரு பிடி பச்சிலையில் அது எங்கிருந்து வரும்? வரவில்லாத இடத்தில் செலவு எழுதினால் அது கள்ளக் கணக்குத்தானே? இதற்கு ரசாயனப் பட்டம் வேண்டுவதில்லை, தராசு இருந்தால் போதும்.

இனி, பயோடீசல் கணக்கையும் அதே தராசில் வைப்போம். சலுகை காட்ட வேண்டாம்.

எண்ணெயில் எஞ்சின் ஓடுவது அதிசயமல்ல. 1900-ஆம் வருஷம் பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓடிற்று. ஆனால் எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்கு போல் கெட்டியாக ஒழுகுவதால், நாளாவட்டத்தில் எஞ்சினுக்குள் அடைத்துக் கொள்ளும். எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு கிளிசரின் முதுகில் மூன்று கொழுப்பு வால்கள் கட்டினது போல் இருக்கிறது. அந்த மூன்று வால்களையும் அவிழ்த்து, ஒவ்வொன்றையும் ஒரு சிறிய ஸ்பிரிட் மூலக்கூறோடு கட்டிவிட்டால், இளகி ஓடுகிற எஸ்டர் கிடைக்கிறது. அதுதான் பயோடீசல். 1937-இல் பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஷாவான் என்பவர் பனையெண்ணெயைச் சாராய ஸ்பிரிட்டோடு சேர்த்து இதைச் செய்யப் பேட்டண்டு வாங்கினார். 1938-இல் பிரஸ்ஸல்ஸுக்கும் லூவேனுக்கும் இடையே ஒரு பஸ் அதில் ஓடிற்று. (பனை என்றதும் நம் பனை என்று எண்ணிவிடாதீர்கள், அது ஆப்பிரிக்காவின் எண்ணெய்ப் பனை. காங்கோ அப்போது பெல்ஜியத்தின் அடிமை நாடாயிருந்தது.)

இப்போது பெரும்பாலும் மெத்தனால் என்ற மர ஸ்பிரிட்டை உபயோகிக்கிறார்கள். 100 கிலோ எண்ணெய்க்குச் சுமார் 11 கிலோ மெத்தனால் சேர்ந்து, சுமார் 100 கிலோ எஸ்டரும் 10 கிலோவுக்குச் சற்று மேல் கிளிசரினும் வருகிறது. வரவு 111, செலவு 111. கணக்கு ஒத்துப் போகிறது. பெட்ரோல் மூலிகைக்காரர் காட்டாத ஐந்தொகை இதுதான்.

ஆனால் இங்கே ஒரு சங்கதி இருக்கிறது. 11 கிலோ மட்டும் போட்டால் வேலை பாதியில் நின்றுவிடும். ஏனென்றால் அவிழ்ந்த வால்கள் மறுபடியும் கிளிசரினோடு கட்டிக்கொள்ளவும் பார்க்கும். ஆகையால் இரண்டு பங்கு, அதாவது 22 கிலோ போட்டு, காஸ்டிக் சோடா போன்ற காரம் சிறிது சேர்த்து, 60 டிகிரிச் சூட்டில் கலக்குகிறார்கள். மெத்தனால் 65 டிகிரிக்குள்ளேயே கொதித்து ஆவியாகிவிடுமாதலால் அதற்கு மேல் சூடேற்றுவதில்லை. கலக்கி நிறுத்தினால் சரக்கு இரண்டு அடுக்காகப் பிரிகிறது. மேலே எஸ்டர், கீழே கிளிசரின். மேல் அடுக்கு பிர்மாவின் முகத்திலிருந்து வந்ததாகவும் கீழ் அடுக்கு காலிலிருந்து வந்ததாகவும் யாராவது ஸ்மிருதி எழுதுவதற்கு முன் சொல்லி விடுகிறேன்: கிளிசரின் கனம் அதிகம், அதனால் கீழே இருக்கிறது.

இப்பொழுது கேள்வி. 22 கிலோ போட்டதில் 11 கிலோ செலவாயிற்று. மீந்த 11 கிலோ மெத்தனால் எங்கே போயிற்று? மேல் அடுக்கிலா, கீழ் அடுக்கிலா? எந்த அடுக்கில் எவ்வளவு? தோழர்களே, இந்தத் தொழிலில் பாதி இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. ஏனென்றால் மெத்தனால் விஷம். 2024-ஆம் வருஷம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்களே, அதே வஸ்துதான் இது. எரிபொருளில் அது தங்கினால் சுலபத்தில் தீப்பிடிக்கும். 100 டிகிரிக்கு மேல் சூடேற்றினாலொழியத் தீப்பொறி வாங்காத பயோடீசல், மெத்தனால் சிறிது கலந்திருந்தாலே சாதாரணச் சூட்டில் பற்றிக் கொள்ளத் தயாராகிவிடும். ஆகையால் ஐரோப்பாவின் சட்டத்தில் 100 கிலோ பயோடீசலில் 200 கிராமுக்கு மேல் மெத்தனால் இருக்கக்கூடாது, 20 கிராமுக்கு மேல் தனிக் கிளிசரின் இருக்கக்கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். 11 கிலோவை 200 கிராமாக்க வேண்டுமானால், அது எங்கே ஒளிந்திருக்கிறதென்று முதலில் தெரிய வேண்டாமா?

இதைத் தாய்மார்கள் எங்களைவிட நன்றாய் அறிவார்கள். மீன் குழம்பு வைத்து இறக்கின பிறகு மேலே எண்ணெய் சிவப்பாய் மிதக்கிறது. மிளகாயின் சிவப்பு அந்த எண்ணெயில் ஏறியிருக்கிறது. உப்போ அதில் ஏறவில்லை, கீழே குழம்போடு நிற்கிறது. ஒரே சட்டியில் போட்ட இரண்டு சரக்கில் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் போய்ச் சேருகிறது. எத்தனை தரம் வைத்தாலும் அப்படியேதான். இரண்டு அடுக்கும் ஒன்றையொன்று தொட்டுக் கொண்டிருக்க, எது எவ்வளவு எங்கே தங்குவது என்று தீர்ந்து, இனி மாறாமல் நிற்கும் நிலைக்குத்தான் சமநிலை என்று விஞ்ஞானிகள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அதை அளப்பதில் மந்திரம் ஒன்றும் இல்லை. சுற்றிலும் வெந்நீர் ஓடும்படியான இரட்டைச் சுவர்க் கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் எஸ்டர், மெத்தனால், கிளிசரின் மூன்றையும் கிராமில் பதினாயிரத்தில் ஒரு பங்கு காட்டும் தராசில் நிறுத்துப் போடுகிறார்கள். சூடு அரை டிகிரிகூட ஏறாமல் இறங்காமல் வைத்து மணிக்கணக்காகக் கலக்குகிறார்கள். பிறகு அசையாமல் இராத்திரி முழுதும் விட்டுவிடுகிறார்கள். இரண்டு அடுக்கும் பளிங்கு போல் தெளிந்த பிறகு, ஒன்று மற்றொன்றோடு கலக்காதபடி ஊசியினால் இரண்டிலிருந்தும் துளித் துளியாக எடுத்துச் சோதிக்கிறார்கள். கடைசியில் மேல் அடுக்கில் இருந்ததையும் கீழ் அடுக்கில் இருந்ததையும் கூட்டி, போட்ட அளவோடு சரி பார்க்கிறார்கள். ஒத்து வராவிட்டால் அந்தச் சோதனையையே குப்பையில் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறார்கள். நம் தேவஸ்தானக் கணக்குகளை இப்படிச் சரி பார்த்தால் எத்தனை தேறுமோ தெரியாது.

இப்படி அளந்ததில் தெரிந்தது என்னவென்றால், மெத்தனால் மேல் அடுக்கைவிடக் கீழே கிளிசரினைத்தான் அதிகம் நாடுகிறது. ஆனால் மேலேயும் சட்டத்துக்கு மிஞ்சித் தங்குகிறது. அது மட்டுமல்ல, மேலே தங்கின மெத்தனால் தனியாய்த் தங்காமல் சிறிது கிளிசரினையும் கூடப் பிடித்து வைத்துக் கொள்ளுகிறது. “அப்படியானால் முதலில் மெத்தனாலைக் காய்ச்சி ஓட்டி விட்டால் கிளிசரின் தானே இறங்கி விடுமே” என்று கேட்பீர்கள். இறங்கும். ஆனால் காரம் இன்னும் உயிரோடிருக்கும்போது மெத்தனாலை ஓட்டினால், கட்டின வால்கள் அவிழ்ந்து பழையபடி எண்ணெயாகத் திரும்பப் பார்க்கும். ஆகையால் முதலில் அடுக்குகளைப் பிரித்து, மேல் அடுக்கிலுள்ள காரத்தை அமிலம் விட்டு அடக்கி, அதற்குப் பிறகு மெத்தனாலை ஓட்டுகிறார்கள். எதற்கு முன் எது என்ற இந்த ஒழுங்கை எந்த ரிஷியும் சொல்லவில்லை, அளந்து பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பிறகு தண்ணீர் விட்டுக் கழுவுவது. ஒரே தடவையாய் நிறையத் தண்ணீர் ஊற்றுவதைவிட, அதே தண்ணீரைப் பிரித்துப் பிரித்து ஊற்றுவதே மேல். துணி அலசுகிறவர்களுக்கு இது தெரியும், கணக்கும் அதைத்தான் சொல்லுகிறது. ஒரு வஸ்து எண்ணெயில் 1 பங்கு நின்றால் தண்ணீரில் 4 பங்கு போகும் என்று வைத்துக் கொள்வோம். எண்ணெய் எவ்வளவோ அவ்வளவு தண்ணீரை ஒரே தரம் ஊற்றினால் 100-க்கு 20 பங்கு எண்ணெயிலேயே நிற்கும். அதே தண்ணீரைப் பாதி பாதியாய் இரண்டு தரம் ஊற்றினால் 11 பங்குதான் நிற்கும். வீட்டுக்குப் போய்ப் பென்சிலும் காகிதமும் எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

இதில் ஒரு தொல்லையும் உண்டு. நம் புங்கெண்ணெயிலும் இலுப்பையெண்ணெயிலும் கட்டில்லாத கொழுப்பு அமிலம் அதிகமாக இருக்கும். அது காரத்தோடு சேர்ந்தால் சோப்பாகிவிடும். சோப்பு வந்துவிட்டால் எண்ணெயும் தண்ணீரும் பிரிய மறுத்து மோர் போல நிற்கும். அதற்காக முன்கூட்டியே கந்தக அமிலமும் மெத்தனாலும் விட்டு அந்தக் கொழுப்பு அமிலத்தையும் எஸ்டராக்கிவிட்டு மேலே போகிறார்கள். இதற்கு ஆகும் கூடுதல் செலவை விளம்பரக்காரர்கள் சொல்லுவதில்லை.

சரி, எல்லா எண்ணெய்க்கும், எல்லாச் சூட்டுக்கும், எல்லாக் கலவைக்கும் அளந்து கொண்டேயிருக்க முடியுமா? முடியாது. அங்கேதான் கணக்குச் சூத்திரங்கள் வருகின்றன. இதற்கு அஸ்திவாரம் போட்டவர் அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையில் இருந்த கிப்ஸ் என்பவர். 1871-இல் அவருக்குப் புரொபஸர் உத்தியோகம் கொடுத்தார்கள், சம்பளம் கொடுக்கவில்லை. அப்படிச் சம்பளமில்லாமல் இருந்த காலத்திலேயே, 1875 முதல் 1878-க்குள், அவர் எழுதி வெளியிட்டதுதான் இந்த நிலைமை விதி. அதை நம் குப்பிக்குப் பொருத்தினால் இப்படி வரும்: சரக்கு மூன்று, அடுக்கு இரண்டு. சூடும் காற்றழுத்தமும் மாறாமலிருந்தால், நம் இஷ்டத்துக்கு மிச்சமிருப்பது ஒன்றே ஒன்றுதான். மேல் அடுக்கில் மெத்தனால் இவ்வளவு என்று ஒன்றை மட்டும் சொல்லிவிட்டால், இரண்டு அடுக்கிலும் மற்ற ஒவ்வொன்றும் எந்த விகிதத்தில் இருக்கும் என்பது தானே தீர்மானமாகிவிடுகிறது. அதை எந்த ஹோமமும் மாற்றாது, எந்த மந்திரியின் சிபார்சும் மாற்றாது.

அந்த விகிதங்களை எண்ணாகவே கணித்துச் சொல்லும் சூத்திரங்கள் பிறகு வந்தன. 1968-இல் ரெனானும் பிராஸ்னிட்ஸும் ஒன்று, 1975-இல் ஆப்ராம்ஸும் பிராஸ்னிட்ஸும் ஒன்று. அதே 1975-இல் யூனிஃபாக் என்று ஒன்று வந்தது. இந்தக் கடைசிச் சூத்திரத்தின் யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு வஸ்துவின் பெயரையும் பிறந்த இடத்தையும் அது கேட்பதில்லை. அதில் என்னென்ன துண்டுகள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணி, அந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்ளும் என்பதிலிருந்து முழு வஸ்துவின் நடத்தையையும் கணிக்கிறது. புங்கெண்ணெய் எஸ்டரும் பனையெண்ணெய் எஸ்டரும் அதற்கு ஒரே மாதிரித் துண்டுகள்தான், எண்ணிக்கைதான் வேறு.

ஆனால் கிளிசரினிடம் வந்தபோது அந்தச் சூத்திரம் பிசகிற்று. கிளிசரினில் தண்ணீரை நாடும் துண்டுகள் மூன்று பக்கத்தில் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்திருக்கின்றன. தனித் தனியே இருக்கும்போது நடந்தபடி, நெருங்கி உட்கார்ந்தபோது அவை நடக்கவில்லை. அப்போது என்ன செய்தார்கள்? “சூத்திரம் பெரியோர் வாக்கு, கிளிசரின்தான் கலிகாலத்தினால் கெட்டுப் போயிற்று” என்றார்களா? பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் இன்னும் பல இடங்களிலும் மறுபடி அளந்து, அந்த அளவுகளைக் கொண்டு சூத்திரத்தின் எண்களைத் திருத்தினார்கள், வேறு சூத்திரங்களையும் போட்டுப் பார்த்தார்கள். எவ்வளவு பிசகுகிறது என்பதையும் தாங்களே அச்சுப் போட்டு வெளியிட்டார்கள். தன் பிசகைத் தானே இத்தனை சதவிகிதம் என்று எழுதி வைத்த சாஸ்திரம் ஒன்றை எனக்குக் காட்டுங்கள், நான் இந்த மேடையிலேயே அதை ஒப்புக் கொள்ளுகிறேன்.

இனி, கோட்டுப் போட்டவனை நம்பலாமா என்ற அந்தத் தோழரின் கேள்விக்கு நேராக வருகிறேன். நம்பக்கூடாது என்பதற்கும் அத்தாட்சி இருக்கிறது. 2003-இல் திட்டக் கமிஷன் காட்டாமணக்கை நாடெங்கும் நடும்படி சிபார்சு செய்தது. தண்ணீரில்லாத தரிசிலும் பொன்னாய்க் காய்க்கும் என்றார்கள். 2009-இல் சர்க்கார் 2017-க்குள் 100-க்கு 20 பங்கு கலப்பதாகக் கொள்கை வெளியிட்டது. 2018-இல் பயோடீசலுக்கு அதையே 2030-க்குள் 5 பங்கு என்று குறைத்துக் கொண்டது. இதற்கிடையில் நம் தமிழ்நாட்டில் காட்டாமணக்கு நட்ட குடியானவர்களில் பலர், தண்ணீர் பாய்ச்சாமல் அது சொன்னபடி காய்க்காததைக் கண்டு பிடுங்கிப் போட்டார்கள். குப்பிக்குள் எண்ணெய் பிரிவதை ஒழுங்காய் அளந்திருந்தார்கள், கரம்பில் செடி காய்ப்பதை அப்படி அளக்காமல் வாக்குக் கொடுத்துவிட்டார்கள். அளந்தது பலித்தது, அளக்காதது பலிக்கவில்லை. நஷ்டப்பட்டவன் குடியானவன். ஆகையால் தோழரே, சொன்னவன் பூணூல் போட்டவனா கோட்டுப் போட்டவனா என்று பார்ப்பதைவிட, “எங்கே அளந்தாய், எத்தனை தரம் அளந்தாய், மற்றவன் அளந்தபோது என்ன வந்தது?” என்று கேளுங்கள்.

பயோடீசல் முழுக்க முழுக்கச் செடியிலிருந்து வந்ததென்றும் நான் சொல்லமாட்டேன். அந்த 11 கிலோ மெத்தனால் பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ வருவது. அதற்குப் பதிலாகக் கரும்பு ஸ்பிரிட்டைப் போடலாமென்றால், அது எண்ணெய்க்கும் கிளிசரினுக்கும் இரண்டுக்கும் சிநேகிதனானபடியால் அடுக்குகள் சுலபமாய்ப் பிரிவதில்லை. மேலும், மீந்த மெத்தனாலில் தண்ணீர் கலந்திருந்தால் காய்ச்சி வடித்தே பிரித்துவிடலாம். கரும்பு ஸ்பிரிட்டோ நிறைக்கு 100-க்கு 95.6 பங்கு வந்தவுடன் நின்றுவிடும், அதற்கு மேல் சாதாரணமாய் வடித்துத் தண்ணீரை நீக்க முடியாது. வேறு உபாயம் செய்ய வேண்டும். இதுவும் அளந்து கண்டதுதான்.

கடைசியாக, இந்தக் குப்பிகள். சிறு தொழில் செய்கிறவர்கள் செய்கிற சோதனை இது. 27 பங்கு மெத்தனாலில் 3 பங்கு பயோடீசலை விட்டு, குலுக்கி, அசையாமல் வைக்க வேண்டும். பயோடீசல் மெத்தனாலில் கரைந்துவிடும், மாறாத எண்ணெய் கரையாது. சரக்கு நன்றாய் மாறியிருந்தால் குப்பி தெளிவாய் நிற்கும். மாறாத எண்ணெய் மிச்சமிருந்தால் அது அடியில் தங்கும். பாதி மாறின சரக்கை இது காட்டிக் கொடுக்காது, அதற்கு வேறு சோதனை வேண்டும். சுமார் 20 டிகிரிச் சூட்டில் செய்வது வழக்கம். நம் ஊர் வெயிலில் சிறிது எண்ணெய் கரைந்து ஒளிந்து கொள்ளக்கூடுமாதலால் குளிர்ந்த தண்ணீரில் வைத்துப் பார்க்க வேண்டும், நான் அப்படித்தான் செய்தேன்.

இந்த இரண்டு குப்பியிலும் இருப்பது ஒரே டின்னில் வாங்கின புங்கெண்ணெயில் நானே செய்தது. ஒன்று முதல் வாரம் செய்தது. புஸ்தகத்தில் சொன்ன அமில வேலையைச் சோம்பலினால் விட்டுவிட்டேன். அடியில் மஞ்சளாக ஒரு விரல் கனத்துக்கு எண்ணெய் நிற்கிறது. மற்றது மூன்றாம் வாரம் செய்தது. தலைவர் அவர்கள் அனுமதித்தால், விளக்கைச் சற்று இப்படித் திருப்பி வைக்கச் சொல்லுகிறேன். வரிசையாக வந்து பாருங்கள். சென்ற மாதம் கேள்வி கேட்ட தோழர் முதலில் வரட்டும். மூடியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம், பீடியை வெளியே போட்டுவிட்டு வாருங்கள்.